இது யாரு கண்ணு?

"ரெண்டு நிமிஷம் திரை திறந்துச்சு. ஒரு படம் விழல. இந்த டப்பாவ நம்பிப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

இதையே ஜெசிந்தா பதினோரு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் காப்பியோடு சொன்னாள். சாயங்காலம் செபமாலை முடிந்து நெற்றியில் சிலுவை போட்ட கையோடு சொன்னாள். மீன்காரியிடம்கூடச் சொன்னாள். மீன்காரி விலையைக் குறைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் புருஷன் சவரிநாதன் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, புதுசா ஒரு கேமரா வாங்கிரு. என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்."

"புதுசு வாங்குனா? பிள்ள அன்னைக்கு அழுதாளா சிரிச்சாளான்னு அது சொல்லுமா?"

"அழுதாளா?"

"அழுதாப்ல இருந்துச்சு. தெளிவாத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்படிப் புலம்புதேன்? நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க. நீங்க பாத்தீங்களா?"

சவரிநாதன் செய்தித்தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"நான் தலையக் குனிஞ்சிட்டேன்."



அவர்களுக்கு ஒரே பெண். பிலோமி. இருபத்தி நாலு வயசில் அடைப்பு மடத்தில் சேர்ந்துவிட்டாள். உள்ளே போனால் வெளியே வராத மடம். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. செபம் மட்டும்.

அந்த மடத்து வழக்கம் இது. புதுசாகத் துறவி உடுப்பு வாங்கிய பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டே இரண்டு தடவை பார்க்கலாம். உடுப்பு வாங்கும் நாளில் ஒரு தடவை. அடுத்த மாதத் திருநாளில் ஒரு தடவை. கம்பிக் கிராதிக்குப் பின்னால் தொங்கும் கறுப்புத் திரை இரண்டு நிமிஷம் விலகும். படம் எடுத்துக்கொள்ளலாம். பேசக் கூடாது. அதற்கப்புறம் எப்போது போனாலும் பேசலாம், ஆனால் திரை விலகாது. குரல் மட்டும் வரும்.

போன் உள்ளே கூடாது, கேமரா கூடும். ஏன் என்று மடத்துத் தலைவி மதரைக் கேட்டால் பதில் வரும். விளங்காது.

முதல் தடவை போய்விட்டது. இன்னும் ஒன்று மீதம் இருந்தது.

* * *

சபுராவைப் பற்றி ஜெசிந்தாவுக்குச் சொன்னது ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை.

"புதுக் கேமரா எது வாங்கன்னு அவகிட்ட கேளு. ஆனா அவ பதில் சொல்லமாட்டா."

"அப்புறம் எதுக்குக் கேக்க?"

"போய்ப் பாரேன்."

பள்ளிப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பது சபுராவின் வேலை. முப்பத்தி நாலு வயசு. ஒல்லி. தலையில் முக்காடு, காலில் கேன்வாஸ் ஷூ. ஒரு நீலத்துணி, ஒரு முக்காலி, ஒரு பழைய கேமரா. ஒரு நாளைக்கு நானூறு பிள்ளைகள். கண்ணை மூடிய படம் ஒன்றுகூட அவள் கையிலிருந்து போனதில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் என்னென்னவோ சொல்வார்கள். ஆனால் இது உண்மை.

ஜெசிந்தா போய் நின்றபோது நாலாம் வகுப்பு வரிசையில் நின்றது.

"ம்மா, நான் உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"வரிசையில நில்லுங்கக்கா."

"நான் படம் எடுக்க வரல."

"எல்லாரும் வரிசையிலதான்."

ஐம்பத்தியோரு வயசு ஜெசிந்தா இரட்டைச் சடைகளுக்கு நடுவில் நின்றாள். வரிசை வேகமாக நகர்ந்தது. உட்கார், முகவாய், க்ளிக், எழுந்திரு. அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையிடம் மட்டும் சபுரா, "உன் பல்லு எங்க விழுந்துச்சு?" என்று கேட்டாள். பிள்ளை வாயைத் திறந்து காட்டி மூடிய நொடியில் படம் விழுந்தது.

ஜெசிந்தாவின் முறை வந்தது. முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நிமிஷம் திரை திறந்துச்சும்மா. ஒரு படம் விழல. இந்த டப்பாவ நம்பிப் போனேன்..."

க்ளிக்.

"அடுத்து," என்றாள் சபுரா.

* * *

வகுப்புகள் முடிந்தபின் சபுரா தண்ணீர் குடித்தாள். பிறகு கையை நீட்டினாள். ஜெசிந்தா மடத்துக் கதை முழுவதையும், வீட்டில் அது மூன்று வருஷமாக இருப்பதையும் சொல்லிக்கொண்டே கேமராவைக் கொடுத்தாள்.

"எந்தக் கம்பெனி வாங்கலாம்? அத மட்டும் சொல்லுங்க. திருநாளுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு."

சபுரா கேமராவை நீலத்துணிக்கு நேராகப் பிடித்துப் பொத்தானில் விரலைப் பாதி அழுத்தினாள்.

பீப் பீப் என்றது. முன்பக்கத்திலிருந்து ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் துணியில் பாய்ந்தது.

"மடத்துல இது கத்துச்சா?"

"கத்துச்சு. மதர் திரும்பிப் பாத்தாங்க. நான் செத்தேன்."

"லைட்டு?"

"பிலோமி முகத்துல அடிச்சுச்சு. அவ திடுக்குன்னா."

சபுரா நாலு பொத்தான்களை அமுக்கினாள். மறுபடி விரலைப் பாதி அழுத்தினாள். சத்தம் இல்லை. வெளிச்சம் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் ஜெசிந்தா.

"மூணு வருஷமா உங்க வீட்டுல இருக்கு. யாரும் இத வாயமூடுன்னு சொல்லல. அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்திருக்கு."

"வேற?"

சபுரா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலில் துருப்பிடித்த கம்பிகள். அந்தப் பக்கம் ஆயாம்மா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சபுரா ஒரு படம் எடுத்து ஜெசிந்தாவிடம் காட்டினாள்.

கம்பி துல்லியமாக விழுந்திருந்தது. துருவின் செதில்கூடத் தெரிந்தது. ஆயாம்மா கரைந்த சோப்பு மாதிரி இருந்தாள்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்லா! டப்பா கேமரா."

"இதுக்குக் குறி பாக்க ஒம்பது புள்ளி இருக்குக்கா. எல்லாத்தையும் திறந்து விட்டிருக்கீங்க. எது பக்கத்துல வருதோ அதப் பிடிச்சுக்கிடும். அது மேல தப்பில்ல."

எட்டை அணைத்தாள். நடுப்புள்ளியை மட்டும் வைத்தாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அதை ஆயாம்மாவின் மூக்கில் நிறுத்தி, அழுத்தினாள்.

இப்போது ஆயாம்மாவின் மூக்குத்தி தெரிந்தது. கம்பி புகையாகிவிட்டது.

ஜெசிந்தா கேமராவை வாங்கி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க," என்றாள் சபுரா. "நாளைக்கு ஆறாம் வகுப்பு. நீங்க எடுக்கீங்க."

"நானா? நான் எதுக்கு?"

சபுரா அதற்குள் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

* * *

மறுநாள் ஆறாம் வகுப்பு வந்தது. அறுபத்தி இரண்டு பேர்.

முதல் பிள்ளை முக்காலியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

நின்றாள்.

பிள்ளை புன்னகைத்தாள். பிறகு புன்னகையை எடுத்துவிட்டாள். பிறகு காலை ஆட்டினாள்.

ஜெசிந்தா ஒரு அடி முன்னால் வந்தாள். ஒரு அடி பின்னால் போனாள்.

"அழுத்துங்கக்கா."

"இருங்க. தெளியட்டும்."

பிள்ளை கொட்டாவி விட்டாள். வரிசையில் யாரோ, "டீச்சர், இந்த ஆன்ட்டி தூங்கிட்டாங்க," என்றார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது.

"அழுத்துங்க."

"தெளியாம எப்படிம்மா அழுத்துவேன்? பாக்கதே மங்கலா இருந்தா படமும் மங்கலாத்தானே விழும்?"

சபுரா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு மடத்துல எவ்வளவு நேரம் இப்படி நின்னீங்க?"

ஜெசிந்தா கேமராவை இறக்கவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்.

"ரெண்டு நிமிஷம்."

"ஒரு தடவகூட அழுத்தல."

"தெளியும் தெளியும்னு பாத்தேன்."

"கேமரா எடுக்கல, எடுக்கலன்னீங்க."

"சொன்னேன்."

சபுரா ஜெசிந்தாவின் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

கேமராவின் திரையில் படம் வந்தது. கொட்டாவி விட்டு முடித்த பிள்ளை. கண்ணின் ஈரம் தெரிந்தது. காதோரத்தில் பறக்கும் ஒரு முடி தெரிந்தது. காலர் பட்டனில் சுற்றியிருந்த நூல் தெரிந்தது.

ஜெசிந்தா அதையே பார்த்தாள். கேமராவின் பின்துளையை மறுபடி கண்ணில் வைத்தாள். பிள்ளை மங்கல். படத்தைப் பார்த்தாள். பிள்ளை தெளிவு.

"அப்போ அன்னைக்கும் இது..."

"எடுக்கத் தயாராத்தான் இருந்திருக்கும்."

ஜெசிந்தா நீலத்துணிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவைக்குக் கஞ்சி போட்டிருந்தாள். அதையும் யோசிக்கவில்லை.

சபுரா தன் கேமராவை எடுத்தாள். அறுபத்தி இரண்டு பேரையும் இருபது நிமிஷத்தில் எடுத்து வகுப்புக்கு அனுப்பினாள். ஒரு பிள்ளையிடமும் இரண்டாம் தடவை உட்காரச் சொல்லவில்லை. பிறகு வந்து ஜெசிந்தாவுக்கு எதிரில், தரையில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கண் வைத்துப் பார்க்கும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். மிளகு அளவு. ஜெசிந்தா அதைத் திருகாணி என்று நினைத்திருந்தாள்.

"இது யாரு கண்ணு?" என்று கேட்டாள் சபுரா.

"என்னது?"

"இந்தச் சக்கரம் ஒரு கண்ணுக்கு வச்சிருக்கு. பவர் அதிகமா உள்ள கண்ணு. கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுப் படம் எடுக்கிற ஆளு. உங்க வீட்டுல அது யாரு?"

வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் இறங்கி ஓடுகிற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டு ஓய்ந்தது.

"பிலோமி," என்றாள் ஜெசிந்தா. "கண்ணாடியத் தலைமேல தூக்கி விட்டுட்டுத்தான் எடுப்பா. எத்தனை தடவ வஞ்சிருக்கேன், முடியில எண்ணெ ஒட்டும்னு."

"அவ கண்ணுக்கு வச்சத நீங்க பாக்குதீங்க. அதான்."

ஜெசிந்தா கேமராவை எடுத்து மறுபடி கண்ணில் வைத்தாள். இந்தத் தடவை எதையும் பார்க்க அல்ல. சும்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம் பிள்ள," என்றாள் கடைசியில். "இப்படித்தான் மங்கலாவே எல்லாத்தையும் பாத்தாளா?"

"இல்லக்கா. அவளுக்குத் தெளிவாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத்தான் மங்குது."

ஜெசிந்தா கேமராவை இறக்கினாள்.

"திருப்பிருங்க," என்றாள். "உங்க கையாலயே திருப்பிருங்க."

"நான் திருப்பினா என் கண்ணுக்கு நிக்கும். நீங்கதான் திருப்பணும். உள்ள கீழ எழுத்தும் நம்பரும் ஓடும்லா? அதப் பாத்துத் திருப்புங்க. ஆளப் பாத்துத் திருப்பாதீங்க. உள்ள உள்ளது தெளிஞ்சா வெளிய உள்ளது தன்னால வரும்."

ஜெசிந்தா கட்டைவிரலைச் சக்கரத்தில் வைத்தாள்.

வைத்த விரலை எடுத்துக்கொண்டாள். கேமராவைப் பையில் போட்டாள். எழுந்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

சபுரா கூப்பிடவில்லை.

* * *

"ஒரு சக்கரத்தத் திருப்ப இவ்வளவு யோசனையா?" என்றார் சவரிநாதன்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியாததாலதான் கேக்கேன்."

"அவ துணியெல்லாம் கோயிலுக்குக் கொடுத்தாச்சு. போனு உங்க தங்கச்சி மகன் வச்சிருக்கான். கட்டில மாடிக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. கண்ணாடியக்கூட மடத்துல வேற கொடுத்துட்டாங்களாம், பழசு வேண்டாமாம். இந்த வீட்டுல அவ வச்சது வச்சபடி இருக்கிறது இது ஒண்ணுதான். மூணு வருஷம் அதுல கண்ண வச்சிருக்கா. நான் போய்த் திருப்பிருவேனா?"

சவரிநாதன் யோசித்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்த மனுஷன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு.

"எத்தனை க்ளிக் திருப்புதேன்னு எண்ணிக்க. படம் எடுத்த உடனே அதே எண்ணுக்குத் திருப்பி வச்சிரலாம்."

ஜெசிந்தா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனை இதுதான் என்று அவளுக்குப் பட்டது. சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறும்.

"அப்போ இப்பவே திருப்பு," என்றார் அவர்.

"திருநாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கு. எதுக்கு இப்பவே?"

பதினேழு நாளும் கேமரா அலமாரியில் இருந்தது. ஜெசிந்தா தினமும் எடுத்தாள். கொடியில் காயும் துணியைப் பார்த்தாள். எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்தாள். எல்லாம் மங்கலாகவே இருந்தன. துடைத்து வைத்தாள்.

* * *

திருநாளன்று சபுராவும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவள் மடத்து வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

"உள்ள வாம்மா," என்றாள் ஜெசிந்தா.

"உங்களுக்குத்தானக்கா திரை."

"நான் இன்னும் திருப்பல."

சபுரா கையைக் கட்டிக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு காகம் இருந்தது. அதைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லமாட்டியா?"

"நேரமாகுதுக்கா."

ஜெசிந்தாவும் சவரிநாதனும் உள்ளே போனார்கள். ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி. கிராதி. கிராதிக்குப் பின்னால் கறுப்புத் திரை. மெழுகுவர்த்தி வாசனையும் பினாயில் வாசனையும் சரிபாதியாக இருந்தன. கிராதிக்கு ஓரமாக ஒரு ஸ்டூலில் மடத்தின் வெளிவேலைகளைப் பார்க்கும் சிஸ்டர் ஒருத்தர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தா கேமராவைக் கண்ணில் வைத்து விரலைப் பாதி அழுத்தினாள். எதிரே முழுக்கக் கறுப்பு. பார்க்க ஆளே இல்லை. கீழே பச்சையாக நம்பர் மட்டும் எரிந்தது. அதுவும் மங்கல். ஈரத்தில் ஊறிய எழுத்து.

கட்டைவிரலை வைத்தாள்.

ஒன்று.

நம்பர் அசையவில்லை. அதே ஈரம்.

இரண்டு. ஓரங்கள் கொஞ்சம் சேர்ந்தன.

மூன்று.

எண்ணிக்கொண்டே திருப்பவேண்டும் என்று பதினேழு நாளாக மனசில் வைத்திருந்தவள், மூன்றுக்கு மேல் எண்ணவில்லை. நம்பர் ஒவ்வொன்றாகக் கரையேறி வந்துகொண்டிருந்தது. அறுபது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

"எத்தனை?" என்று சவரிநாதன் காதோரம் கேட்டார்.

"சும்மா இருங்க."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கைமணியை ஒரு தடவை ஆட்டினார்.

திரை விலகியது.

பிலோமி நின்றிருந்தாள், பக்கத்தில் மதர். பிலோமிக்கு வெள்ளை உடுப்பு, வெள்ளை முக்காடு, கறுப்பு விளிம்பு வைத்த புதுக் கண்ணாடி. மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம். இடது புருவத்தில் ஏழு வயசில் நிலைப்படியில் இடித்துக்கொண்ட தழும்பு. ஜெசிந்தா நடுப்புள்ளியை இரண்டு கம்பிகளுக்கு நடுவே கொண்டுபோய் அவள் கண்ணில் நிறுத்தினாள்.

கண்ணில் ஈரம் இல்லை.

பிலோமி கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் உள்ளே இழுத்திருந்தது. தோள் லேசாகக் குலுங்கியது. தெளிவில்லாத கண்ணுக்கு அது அழுகை. ஜெசிந்தாவுக்கு அந்த முகம் தெரியும். கோயிலில் பிரசங்கத்தின்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்து வரும் சிரிப்பை அடக்கமாட்டாமல், தொடையில் கிள்ளு வாங்கிக்கொண்டே பிலோமி வைத்திருக்கும் முகம். கிள்ளியவளும் ஜெசிந்தாதான்.

அழுத்தினாள்.

சத்தம் இல்லை. வெளிச்சம் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

"ஏங்க," என்றாள் கேமராவை எடுக்காமலே, பேசக் கூடாது என்பதையும் மறந்து. "தலைய நிமித்துங்க. பிள்ளயப் பாருங்க."

சவரிநாதன் நிமிர்ந்தார்.

சிஸ்டர் மணியை இரண்டு தடவை ஆட்டினார். திரை மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் ஒருத்தியின் செருப்புச் சத்தம் கேட்டது. தூரமாகப் போனது. ஒரு கதவு சாத்திக்கொண்டது.

ஜெசிந்தா கிராதிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புத் துணி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"மதர்," என்றாள். "மதர், அவ எதுக்குச் சிரிச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."